இரண்டு நாள் குறைவு

கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. கல்லாவுக்கு முன்னால் நாலு வியாபாரிகள் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். சிம்மக்கல்லில் ஒரு பழ மொத்தக் கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. ஏழு வருடமாகத் தரகர்களோடும் சுமை இறக்குகிறவர்களோடும் மல்லுக்கட்டி, ஜெயக்கொடிக்கு வாய் நீண்டுபோச்சு என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நீளட்டும் என்று விட்டுவிட்டேன். நீளாமல் இருந்தால் அந்தத் தெருவில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

கடிதம் என் தங்கை தங்கப்பொண்ணுக்கு வந்தது. அம்மா அப்பளக் கம்பெனிக்குப் போய்விடுவாள், பகலில் வில்லாபுரம் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் கடை முகவரியைக் கொடுத்திருந்தோம். ‘மேற்குச்சீமை உறவின்முறைக் கல்வி அறக்கட்டளை’ என்று மேலே பச்சை மையில் அச்சடித்திருந்தது. மூன்றாம் செமஸ்டரில் தாங்கள் 73.3 விழுக்காடு வருகையே பெற்றிருப்பதால், விதி எண் ஏழின்படி தங்களுக்கு வழங்கப்பட்டுவரும் கல்வி உதவித்தொகை இத்துடன் நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான். கீழே இரண்டு கையெழுத்து. தலைவர் பேயாண்டி, செயலாளர் சூரியபிரகாஷ்.

பேயாண்டி என்கிற அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது தொண்ணூற்றொன்பது ஜனவரியில் நடந்தது. தங்கப்பொண்ணு அப்போது பி.எஸ்ஸி. கணக்கு, இரண்டாம் வருடம். எங்கள் வகையறாவில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள்தான். காலேஜ் சம்பளம், பரீட்சைப் பணம், புத்தகம் எல்லாம் உறவின்முறை அறக்கட்டளை கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. ஒவ்வொரு செமஸ்டர் முடிந்ததும் மூன்று விஷயம் பார்ப்பார்கள். அரியர் இருக்கக் கூடாது. அறுபது மார்க்குக்குக் குறையக் கூடாது. வருகை எழுபத்தைந்து விழுக்காடு இருக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்ப் பணத்தில் படிக்கிற பிள்ளை ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். தங்கப்பொண்ணுக்கு அரியர் கிடையாது. மார்க் எண்பத்தொன்று. வகுப்பில் இரண்டாவது. வருகை மட்டும் தொண்ணூறு நாளில் அறுபத்தாறு. அறுபத்தெட்டு வேண்டும்.

இரண்டு நாள் குறைவு. இரண்டே இரண்டு நாள்.

அவள் போகாத நாள் மொத்தம் இருபத்து நாலு. அதில் பதினோரு நாள் எங்கள் அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். அப்பா சோணை, இதே சிம்மக்கல்லில் மூட்டை தூக்கியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. ராத்திரி அம்மா பார்த்துக்கொள்வாள், பகலில் தங்கப்பொண்ணு இருப்பாள். நான் கடைக்குப் போகாவிட்டால் சம்பளம் கிடையாது, அதனால் அவள் இருந்தாள். கட்டிலுக்குக் கீழே பேப்பர் விரித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

மிச்சம் பதின்மூன்று நாள் அவள் எங்கே இருந்தாள் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பேயாண்டி பெரியப்பா கேட்கக் கூடாது. அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் துக்கப் பந்தலில், காலேஜ் விடுமுறை நாளும் சேர்த்துப் பதினாறு நாளும் உட்கார்ந்திருந்தவர் அவர்.

எங்கள் உறவின்முறையில் கேத நோட்டு என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டு ஆட்கள் வாசலைத் தாண்டக் கூடாது. ஆம்பளைகள் வேலைக்குப் போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், சோறு வேண்டுமே என்பார்கள். பொம்பளைகள் இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டிலோ மூன்று பேருமே பொம்பளைகள். சாயங்காலம் சாயங்காலம் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். குறை வந்தால் அடுத்த நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். மூன்று லாரி வைத்திருக்கிற பேயாண்டி பெரியப்பாதான் தலைவர், அதனால் நோட்டு அவர் கையில். நானும் பதினாறு நாள் கடைக்குப் போகவில்லை. முதலாளி சம்பளத்தைப் பிடித்தார். அது போகட்டும்.

பதினாலாம் நாள் காலையில் தங்கப்பொண்ணு தலைசீவி, காலேஜ் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முந்தின நாளே என் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். செமஸ்டருக்கு இருபத்திரண்டு நாள்தான் லீவு போட முடியும். இருபத்தொன்று ஆகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நாள் வேண்டும். ஆக, பதினாலாம் நாளும் பதினைந்தாம் நாளும் காலேஜுக்குப் போயே தீர வேண்டும். துக்கத்திலும் அவ்வளவு தெளிவாகப் போட்டிருந்தாள். அன்றைக்கு என்னவோ காலையிலேயே பந்தலுக்கு வந்துவிட்டிருந்த பேயாண்டி பெரியப்பா, எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். அப்பன் எரிந்த சூடு இன்னும் அடங்கவில்லை, அதற்குள் பொம்பளப் பிள்ளைக்கு ஊர் சுற்றக் கேட்கிறதா, உள்ளே போ என்றார். அவள் காலேஜுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அந்த இரண்டு நாளும்தான் இந்த இரண்டு நாள்.

காலேஜ்காரர்கள் மனிதர்களாக நடந்துகொண்டார்கள். அறுபத்தைந்துக்கு மேலே இருந்தால் அபராதம் கட்டிப் பரீட்சை எழுதலாம் என்று அங்கே ஒரு வழி இருக்கிறது. பிரின்சிபால் அம்மா, தகப்பனார் இறந்ததால் மன்னிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் சேர்த்துத்தான் அறக்கட்டளைக்கு அனுப்பினோம். ஊர் பேர் தெரியாத அந்த அம்மா மன்னித்தார். எங்கள் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்த ஆள் மன்னிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். தங்கப்பொண்ணு படித்துவிட்டு மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாதான் பயந்துபோய், சண்டைக்குப் போகாதே, நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் காட்சி என்றால் அவர்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று புலம்பினாள். நிற்பார்கள், நிற்பார்கள், நோட்டோடு வந்து நிற்பார்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். சூரியபிரகாஷ் வக்கீல், கே.கே. நகரில் மாடி வீடு, முறைக்கு எனக்கு அண்ணன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அந்த நல்ல மாதிரிதான் எனக்கு ஆகவில்லை. அவர் மனைவி திவ்யா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் விதி ஏழு எப்படி வந்தது என்று விளக்கினார். முன்னால் சில பையன்கள் காலேஜுக்குப் போகாமல் மாட்டினி ஷோவுக்குப் போய்விட்டு, ஒரே டாக்டரிடம் எல்லாரும் மஞ்சள்காமாலை சர்ட்டிபிகேட் வாங்கிவந்தார்களாம். அதனால் காலேஜ் மன்னித்தாலும் அறக்கட்டளை மன்னிக்காது என்று விதி போட்டார்களாம். என் தங்கச்சி மாட்டினிக்கா போனாள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, உன் கோபம் புரிகிறது, ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்கு வந்து சொல் என்றார். புரிகிறதாம். டீயைக் குடிக்காமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி சிம்மக்கல்லில், உறவின்முறைக் கட்டிட மாடியில். நீள மேசையைச் சுற்றி ஏழு ஆம்பளைகள், முன்னால் வடையும் காப்பியும். சுவரோரப் பெஞ்சில் பிள்ளைகளும் தாய் தகப்பன்களும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிள்ளை எழுந்து தன் மார்க்கையும் வருகையையும் தானே உரக்கச் சொல்ல வேண்டும். தங்கப்பொண்ணு எழுந்து எண்பத்தொன்று என்றாள், எழுபத்து மூன்று என்றாள். யாரோ ஒருத்தர் உச்சுக் கொட்டினார். அந்த உச்சில் எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போனது. நான் எழுந்து மேசைக்கு முன்னால் போனேன்.

“சூரியபிரகாஷ் அண்ணே, அந்த பீரோவத் தொறங்க. கேத நோட்ட எடுங்க. போன செப்டம்பர்.”

எதற்கு என்று கேட்டார். எடுங்கள், சொல்கிறேன் என்றேன். பேயாண்டி பெரியப்பாவைப் பார்த்தார். அவர் எடு என்று தலையசைத்தார். பக்கத்தைத் தேடி எடுத்ததும், உரக்கப் படியுங்கள், பிள்ளைகள் மட்டும்தான் உரக்கச் சொல்ல வேண்டுமா என்றேன். வக்கீல் குரலிலேயே படித்தார். சோணை இறப்பு. மனைவி செல்லத்தாய், மகள்கள் ஜெயக்கொடி, தங்கப்பொண்ணு. பதினாறு நாளும் வீட்டில் ஆஜர். குறை இல்லை. கையெழுத்து, பேயாண்டி.

“அதுல குறை இல்ல. இந்த ஸ்காலர்ஷிப் நோட்டுல ரெண்டு நாள் குறை. ரெண்டு நோட்டும் ஒரே பீரோவுலதான இருக்கு, ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான இருக்கு பெரியப்பா? ஒரே நாள்ல ஒரு புள்ள ரெண்டு எடத்துல எப்பிடி ஒக்காந்திருக்கும்? நீங்க சொல்லுங்க.”

வடை மென்றுகொண்டிருந்த ஒருத்தர் நிறுத்திவிட்டார். பெஞ்சில் இருந்த பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பேயாண்டி பெரியப்பாவுக்குக் கோபம் வரும், கத்துவார், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

“கேட்டது சரிதான் ஆத்தா. உள்ள போன்னு நான்தான் சொன்னேன், இல்லங்கல. ஆனா அவ போகலையே. அப்பிடியேதான நின்னா. நான் கையப் புடிச்சா இழுத்தேன்? பையப் புடுங்கி, அவள உள்ள தள்ளி, கதவச் சாத்துனது யாரு? அதையும் இந்தச் சபையில சொல்லு.”

இதை நான் முன்னால் உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. நடந்தது அதுதான். அவர் உள்ளே போ என்றபோது தங்கப்பொண்ணு பையைத் தோளில் மாட்டியபடி படியிலேயே நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் போகட்டும் பெரியப்பா என்று ஒரு சொல் சொன்னால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். கடைத்தெருவையே அதட்டுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. பந்தலில் பத்துப் பேர் இருந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு, பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட மாடாகத் திரிகிறார்கள் என்று அம்மாவைப் பேசுவார்களே என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். அந்தக் கோபத்தை அவள்மேல் காட்டினேன். பையைப் பிடுங்கினேன், முதுகில் கை வைத்துத் தள்ளினேன், வெளியே கொண்டியைப் போட்டேன். உள்ளேயிருந்து அவள் தட்டவில்லை. மறுநாள் கிளம்பியபோதும் அதையே செய்தேன். சே, என்ன பிறவி நான்.

அதை அந்தச் சபையில் சொல்லவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஏழு பேரும் குனிந்து குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு சூரியபிரகாஷ் அண்ணன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். உதவித்தொகையைத் தொடர ஒரு வழி இருக்கிறதாம். துக்கம் என்று காரணம் எழுதினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சாவைக் கொண்டுவருவார்களாம். கமிட்டித் தலைவர் தடுத்தார் என்று எழுதினால் அறக்கட்டளை மானம் போய்விடுமாம். மாணவியே தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால், இந்த ஒரு தடவை கருணை காட்டலாமாம்.

தாளில் இப்படி இருந்தது. என் தந்தையின் மறைவின்போது என் சொந்த விருப்பத்தின் பேரிலேயே வீட்டில் இருந்தேன். கல்லூரிக்குச் செல்ல யாரும் தடை சொல்லவில்லை. என் கவனக்குறைவால் ஏற்பட்ட வருகைக் குறைவை மன்னிக்கும்படி வேண்டுகிறேன்.

படிக்கப் படிக்க உடம்பு கூசியது. ஆனாலும் இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது. அவள் படித்து முடித்தால் ஏதாவது பள்ளிக்கூடத்திலோ பேங்கிலோ உட்கார்ந்துவிடுவாள். பொய்யோ மெய்யோ, ஒரு தாள்தானே என்று பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுத் தங்கப்பொண்ணைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். செயலாளரிடம் பேனா வாங்கினாள். கையெழுத்துப் போடப்போகிறாள் என்று எல்லாரும் இருந்தோம். அவள் மூன்று வரியையும் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதினாள். மேசைக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. பதினாலாம் நாளும் பதினைந்தாம் நாளும் நான் கல்லூரிக்குக் கிளம்பினேன். தலைவர் போகக் கூடாது என்றார். என் அக்கா பையைப் பிடுங்கிக் கதவைச் சாத்தினாள். நான் கவனக்குறைவாக இல்லை. அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டுத் தேதியும் போட்டாள்.

சூரியபிரகாஷ் அண்ணன் அதைப் படித்துவிட்டு, இப்படி எழுதினால் கமிட்டியால் ஒன்றும் செய்ய முடியாதே தங்கச்சி என்றார். தெரியும்ணே என்றாள். பேயாண்டி பெரியப்பா தாளை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாள் அறக்கட்டளை ஃபைலுக்குள் போகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

படியிறங்கும்வரை அடக்கிக்கொண்டு வந்தேன். தெருவுக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் நிற்கும்போதே கத்தினேன். பெரிய அரிச்சந்திரன் பரம்பரை என்றேன். உனக்காகத்தானே நான் மானத்தை விட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்றேன். ஒரு கையெழுத்தில் முடிகிற விஷயத்தை இப்படிக் கெடுத்துவிட்டாயே என்றேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

“மூணு செமஸ்டருக்கு இனி யாருடி கட்டுவா?”

“நீ கட்டு.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“நீதாங்க்கா கட்டணும். அவரு வாயால சொன்னாரு, அம்புட்டுத்தான். கதவச் சாத்துனது நீ.”

வில்லாபுரம் பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் அதில் ஏறாமல் அடுத்த பஸ்ஸில் போனேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம், சாயங்கால லோடுக்கும் நானே பில் போடுகிறேன், சம்பளத்தைக் கூட்டிக்கொடுங்கள் என்று கேட்டேன். பேயாண்டி பெரியப்பா மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. அந்தத் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் மூன்று செமஸ்டருக்கும் நான்தான் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் கட்டிய ரசீதைக் கொண்டுபோய்த் தங்கப்பொண்ணு கையில் கொடுப்பேன். வாங்கி வைத்துக்கொள்வாள். சரியாப்போச்சுக்கா என்று அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.